அளந்து வைத்த அன்பு

ஒரு பூனையைப் பற்றிக் குடும்ப இதழில் எழுதுவதா என்று முதலில் தயங்கினோம். இல்லறத்தில் பேச வேண்டிய செய்திகள் எத்தனையோ இருக்க, ஒரு பூனை பருத்ததும் இளைத்ததும் யாருக்கு வேண்டும்? ஆயினும் அந்தப் பூனையை முன்னிட்டு எங்கள் வீட்டில் நடந்தவை, பூனை வளர்க்காத இல்லங்களுக்கும் பயன்படக் கூடும் என்று தோன்றியதால் எழுதத் துணிந்தோம்.

கோயம்புத்தூரில் இராமநாதபுரம் பகுதியில் எங்கள் வீடு. வீட்டில் நால்வர்: நாங்கள் இருவர், கல்லூரியில் படிக்கும் மகள், எண்பதை நெருங்கும் எங்கள் தாயார். பேரப்பிள்ளைகள் அழைப்பதைக் கேட்டுக் கேட்டு நாங்களும் அவரை அமுச்சி என்றே அழைத்துப் பழகிவிட்டோம். ஐந்தாவதாக வந்து சேர்ந்தவன் செல்லான்.

அப்பச்சி இறைவனடி சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஐப்பசி மழையில் துவைகல்லின் அடியில் ஒரு குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. பஞ்சுத் திரியைப் பாலில் நனைத்து அதன் வாயில் வைத்து, ஒரு வாரத்தில் அதைப் பிழைக்க வைத்தவர் அமுச்சிதான். அப்பச்சி பஞ்சாலையில் வேலை பார்த்தவர். காலை ஷிப்ட், மாலை ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று எந்த நேரம் வந்தாலும் அவருக்குச் சுடச்சுடச் சோறு போட்டு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பழகிய கை அமுச்சியுடையது. அந்தக் கைக்குத் திடீரென்று வேலை இல்லாமல் போயிற்று. குட்டி வந்தது, வேலை வந்தது. இதை நாங்கள் அப்போது புரிந்துகொள்ளவில்லை.

செல்லானுக்கு ஆறு மாதமானபோது கருத்தடை செய்வித்தோம். இனி இவனுக்குப் பசி கூடும், ஆனால் உடம்புக்குத் தேவையான உணவு குறையும், ஆகவே அளவைக் குறைத்துக் கொடுங்கள் என்று கால்நடை மருத்துவர் அன்றே சொல்லியனுப்பினார். தலையை ஆட்டிவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் மறந்தோம்.

மூன்றாம் ஆண்டு தை மாதம் தடுப்பூசிக்காக அவனைக் கூடையில் வைத்துத் தூக்கிச் சென்றபோது கூடையின் கைப்பிடி அறுந்தது. தெருவில் நின்றிருந்த பக்கத்து வீட்டம்மாள், "ஏனுங்க, இது பூனைங்களா, பன்னிக்குட்டிங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். மருத்துவமனைத் தராசு 7 கிலோ 200 கிராம் காட்டியது. மருத்துவர் சிரிக்கவில்லை.

நம் ஊர்ப் பூனை ஒன்று மூன்றரை முதல் ஐந்து கிலோ வரை இருப்பதே இயல்பு என்றார். செல்லான் சற்றுப் பெரிய உடற்கட்டு உள்ளவனாதலால் ஐந்து கிலோவுக்கு அருகில் இருக்கலாமாம். பூனையின் உடல்நிலையை ஒன்பது படிகளாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஐந்தாம் படி சரியானது, இவன் எட்டில் நிற்கிறான் என்றார். எங்கள் கையைப் பிடித்து அதன் விலாவில் வைத்தார். விலா எலும்பு மெல்லிய துணிக்குக் கீழே இருப்பதுபோல் கையில் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு சற்று உள்வாங்கித் தெரிய வேண்டும். செல்லானிடம் எலும்பும் தட்டுப்படவில்லை, இடுப்பும் தெரியவில்லை. பருத்த பூனைக்கு நீரிழிவும் மூட்டு வலியும் வருவது எளிது. தன் உடம்பைத் தானே நக்கித் தூய்மை செய்யவும் அதற்கு எட்டாது என்றார். அவன் முதுகின் பின்புறத்தில் மயிர் சிக்குண்டு கிடந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. சோம்பல் என்று நாங்கள் கேலி செய்தது அவனுடைய இயலாமை.

அன்று மாலை வீட்டில் ஒரு விசாரணை நடந்தது. அவன் ஒரு நாளில் உண்பவற்றைக் கூட்டிப் பார்த்தோம். விடியற்காலையில் அமுச்சி கையால் ஒரு தம்ளர் பால். எட்டு மணிக்கு மகள் வைக்கும் உலர் தீவனம், கிண்ணம் நிறைய. மதியம் உக்கடம் மீன் சந்தையிலிருந்து வந்த மீனின் தலையும் வாலும். பிற்பகலில் அமுச்சியின் தயிர்ச்சோறு. மாலையில் தேநீரோடு ரொட்டித் துண்டு. இரவில் மீண்டும் கிண்ணம். இவற்றோடு பக்கத்து வீட்டுக் கருவாடு. ஒருவர் கொடுத்ததை மற்றவர் அறியவில்லை. கிண்ணம் காலியாக இருப்பதைக் கண்டவரெல்லாம், "ஐயோ, இன்னும் சாப்பிடவில்லையே" என்று இரங்கி நிரப்பினோம். செல்லானும் ஒவ்வொருவர் காலடியிலும் வந்து, அன்று அதுவே முதல் உணவு என்பதுபோல் கத்தினான்.

பிறகு மருத்துவரிடம் கேட்டு அறிந்தோம். இவனைப் போன்ற பூனைக்கு ஒரு நாளுக்கு வேண்டியது ஏறத்தாழ 200 கலோரிகளே. ஒரு சிறு தம்ளர் பசும்பாலில் மட்டும் 100 கலோரி அளவுக்கு இருக்கிறது. நமக்கு ஒரு வாய்; அதற்கு அரை நாள் உணவு. மேலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதே இல்லையாம். பூனை ஊனுண்ணி, சோறும் ரொட்டியும் அதற்கு உணவாகா. இறைச்சியில் உள்ள டாரின் என்னும் சத்து குறைந்தால் பூனையின் இதயம் தளர்ந்துபோகும் என்பதை 1987ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். குழம்பில் கிடக்கும் வெங்காயமோ அதன் இரத்தத்தையே கெடுக்கும் நஞ்சு. அன்பு என்று நினைத்து நாங்கள் கொடுத்தவற்றில் பாதி, கொடுத்திருக்கவே கூடாதவை.

குற்றம் நால்வருக்கும் பொதுவானது. ஆயினும் குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவரே. "நீங்கள் ஊற்றிய பாலும் பிசைந்து போட்ட சோறுந்தான் அவனை இந்தக் கதிக்கு ஆக்கின" என்று அமுச்சியிடம் சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டோம். வீட்டில் யார் மீது பழி போடுவது எளிதோ, அவர் மீது போட்டோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஏங் கண்ணு, வயித்துக்குப் போடறதும் குத்தமாயிருச்சா?" என்று மட்டும் கேட்டார். எழுந்து தம் அறைக்குப் போய்விட்டார்.

சில வாரங்களில் திருநீற்றுப் புதன் வந்தது. எங்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. அதை நல்ல யோசனை என்றே நம்பினோம். வீட்டார் நோன்பு காக்கும் நாளிலேயே செல்லானின் நோன்பையும் தொடங்கிவிடுவது! பால், மீன், சோறு யாவும் நின்றன. மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்த புதுத் தீவனத்தை மட்டும் கிண்ணத்தில் வைத்தோம். ஒரு வாரம், பத்து நாள் என்று பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள் என்று அவர் சொல்லியிருந்ததை, தேவையற்ற மென்மை என்று ஒதுக்கினோம். செல்லான் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். மறுநாளும் அப்படியே. "பசி வந்தால் தானே தின்பான்" என்றோம். இரண்டு நாள் பட்டினி ஒன்றும் செய்யாது, உடம்பில்தான் அவ்வளவு கொழுப்பு இருக்கிறதே என்று எங்களுக்குள் கணக்கும் போட்டுக்கொண்டோம்.

மூன்றாம் நாள் காலையில் அவன் வாயிலிருந்து நீர் ஒழுகிற்று. எழுந்திருக்க மனமின்றிக் கிடந்தான். பதறி மருத்துவரிடம் ஓடினோம். பருத்த பூனையைப் பட்டினி போடுவது எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து என்று அவர் கண்டித்தார். உணவு நின்றதும் உடம்பிலுள்ள கொழுப்பு முழுவதும் ஈரலை நோக்கிப் பாய்கிறது. அத்தனையையும் ஏற்றுச் சமாளிக்கப் பூனையின் ஈரலால் இயலாது. ஈரல் கொழுத்து, மஞ்சள் காமாலை கண்டு, சில நாட்களில் உயிரே போகலாம் என்றார். எவ்வளவு பருமனோ அவ்வளவு ஆபத்து. நாங்கள் போட்ட கணக்கு நேர் தலைகீழ். நல்ல வேளையாக நாங்கள் ஈரல் கெடுமுன் வந்துவிட்டோம். இனி சில நாட்களுக்கு ஊசியில்லாத சிரிஞ்சினால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கூழாக்கிய உணவைச் சிறிது சிறிதாக வாயில் செலுத்த வேண்டும். "வீட்டில் அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது?" என்று அவர் கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வீடு திரும்பி அமுச்சியின் அறைக்கதவைத் தட்டியபோதுதான் மற்றொன்றையும் கண்டோம். கட்டிலருகே காலைத் தட்டு தொடப்படாமல் இருந்தது. விசாரித்தால், முந்தைய இரவும் அப்படியே. அவருக்கு நீண்டகாலமாகச் சர்க்கரை நோய். மாத்திரையைப் போட்டுக்கொண்டு உணவைத் தவிர்க்கக் கூடாது. அந்த மூன்று நாட்களில் எங்கள் வீட்டில் இருவர் சரியாக உண்ணவில்லை. ஒருவனுக்காக மருத்துவரிடம் ஓடினோம்; மற்றவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் எங்களுக்கு வெட்கமாகவே இருக்கிறது.

நோன்பைப் பற்றித் திருச்சபை எவ்வளவு கருத்தாயிருக்கிறது என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தோம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 18 வயது நிறைந்தவர்களையே ஒருசந்திக்குக் கட்டுப்படுத்துகிறது. 60ஆம் வயதில் அடியெடுத்து வைத்தவர்களை விடுவிக்கிறது. நோயுற்றவர்களை வற்புறுத்துவதில்லை. பசிக்கும் ஒறுத்தலுக்கும்கூட ஆளறிந்து அளவு வைத்திருக்கிறாள் தாய்த் திருச்சபை. நாங்களோ வாயில்லாச் சீவன் ஒன்றின் மீதும், எங்களை அறியாமலே எண்பது வயதுத் தாயின் மீதும் எங்கள் தவக்காலத்தைச் சுமத்தியிருந்தோம். ஒறுத்தல் என்பது தானே விரும்பி ஏற்பது. பிறர் தட்டைப் பிடுங்குவது ஒறுத்தல் ஆகாது.

அமுச்சியிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. "அதைக் கொண்டாங்க" என்று செல்லானை மடியில் வாங்கிக்கொண்டார். சிரிஞ்சைப் பிடிக்க ஒருமுறை காட்டியதே போதுமானதாயிற்று. இரவும் பகலும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஊட்டினார். அவனுக்கு ஊட்டிய ஒவ்வொரு வேளையும் தாமும் ஏதாவது உண்ண வேண்டும் என்பது மகள் போட்ட நிபந்தனை. நான்காம் நாள் செல்லான் தானாகக் கிண்ணத்தை நக்கினான்.

மருத்துவர் விலாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னதை நாங்கள் விவரித்தபோது அமுச்சி சிரித்துவிட்டார். அவர் பிறந்தது தாராபுரத்தை அடுத்த ஒரு கிராமம். அவர் தந்தையார் காங்கேயம் காளைகள் வளர்த்தவர். காளை வாங்கப் போனால் முதலில் விலாவைத்தான் தடவிப் பார்ப்பாராம். கொழுத்த மாடு ஏர் இழுக்காது, வண்டியும் இழுக்காது. எலும்பு தெரியும் மாடு சீக்கு. இரண்டுக்கும் நடுவில் கைக்குத் தட்டுப்படுவதே நல்ல மாடு என்று அந்தக் காலத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. "இதைய முன்னாலயே கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனல்லோ" என்றார். உண்மைதான். அவரைக் குற்றவாளியாக்கியபோது, வீட்டிலிருந்த ஒரே அனுபவசாலியையும் இழந்திருந்தோம்.

மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியும் எங்கள் நினைவுக்கு வந்தது. கோயில் யானைகளுக்கான புத்துணர்வு முகாமைத் தமிழக அரசு முதன்முதலில் நடத்தியது 2003இல், முதுமலைத் தெப்பக்காட்டில். பின்னர் 2012 முதல் தேக்கம்பட்டியில் பவானி ஆற்றங்கரையில் அது நடந்தது; 2021இல்தான் கடைசியாக நடைபெற்றது. ஒருமுறை குடும்பத்தோடு சென்று வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறோம். கல்தரையில் நின்றபடி, வருவோர் போவோரெல்லாம் பக்தியோடு நீட்டும் பழத்தையும் வெல்லத்தையும் உண்டு, நடையின்றிப் பருத்துப்போகும் யானைகளுக்கு அந்த 48 நாட்களும் மருத்துவமாயின. எடை பார்த்து அளவான தீவனம், காலையும் மாலையும் நடை, ஆற்று நீரில் குளியல். 2025 சனவரியில் மாண்ட நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதிக்கும், முன்னொரு சமயம் நடையாலும் உணவுக் கட்டுப்பாட்டாலுமே ஏறத்தாழ 150 கிலோ குறைக்கப்பட்டதாகப் படித்திருக்கிறோம். அந்த யானைகளை யாரும் பட்டினி போடவில்லை. யாரும் வெறுத்து ஊட்டவுமில்லை. யானைக்கு நேர்ந்ததே எங்கள் பூனைக்கும் நேர்ந்திருந்தது.

மனிதர் இதில் பெருமை தேடிக்கொண்ட காலமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஹிம்மி என்ற பூனை 21 கிலோவுக்கு மேல் எடை கொண்டு கின்னஸ் சாதனை நூலில் இடம் பெற்றது. தானாக நடக்க முடியாமல் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுசெல்லப்பட்ட அது, 1986இல் தன் பத்தாம் வயதில் மூச்சுத் திணறி இறந்தது. அதன்பின், சாதனைக்காக மக்கள் பிராணிகளுக்கு அளவின்றி ஊட்டுவார்கள் என்று அஞ்சி, அந்நூலார் அப்பிரிவையே நீக்கிவிட்டனர். மகள் இதைப் படித்துக் காட்டியபோது, கைப்பிடி அறுந்த அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு எங்களை உறுத்தியது.

அதன்பின் நாங்கள் கைக்கொண்ட முறை மிக எளியது. செல்லானுக்கு உணவு வைக்கும் பொறுப்பு ஒருவருக்கே, அமுச்சிக்கே உரியது என்று முடிவாயிற்று. ஒவ்வொரு காலையும் சமையல் தராசில் 50 கிராம் தீவனத்தை நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுவார். அன்றைய பொழுதுக்கு அவ்வளவே. அதை நான்கு வேளையாகப் பிரித்து வைப்பார். உப்பும் வெங்காயமும் சேராமல் வேகவைத்த கோழிக்கறி இரண்டொரு துண்டு, மருத்துவரின் அனுமதியோடு. யாருக்காவது ஆசையாகக் கொடுக்கத் தோன்றினால் அந்த டப்பாவிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். கிண்ணத்தைச் சில வேளை மாடிப்படியின் மேல் வைப்பார், ஏறி வந்து உண்ணட்டும் என்று. மாலையில் பத்து நிமிடம் மகள் ஒரு கயிற்று நுனியை இழுத்துக்கொண்டு ஓட, அவன் துரத்துவான். முதலில் இரண்டு அடி துரத்திவிட்டுப் படுத்துக்கொண்டான். சித்திரை பிறந்தபின் முற்றம் முழுதும் ஓடினான்.

எடை மெல்லக் குறைய வேண்டும், மாதம் 200 கிராம் குறைந்தாலே போதும் என்றார் மருத்துவர். எடை பார்க்கும் தராசில் ஒருவர் தனியாக நின்று, பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு நின்று, இரண்டையும் கழித்துப் பார்ப்போம். மாதத்தின் முதல் சனிக்கிழமை, அப்பச்சியின் பழைய நாட்குறிப்பில் மகள் அதை எழுதுவாள். அதே பக்கத்தில் அமுச்சியின் சர்க்கரை அளவையும் எழுதும் வழக்கம் தானாக வந்துவிட்டது. அவனுக்கு நிறுத்து வைக்கும் கை, தமக்கும் சோற்றை அளந்து போட்டுக்கொண்டது. ஆண்டுக்கணக்கில் நாங்கள் வற்புறுத்தியும் நடவாதது அது.

இடையில் ஒரு கேள்வி எங்களைத் தைத்தது. உறவினர் ஒருவர், "ஊரில் எத்தனையோ பேர் ஒரு வேளைச் சோற்றுக்கு ஏங்க, நீங்கள் பூனையை இளைக்க வைக்கச் செலவு செய்கிறீர்களே" என்றார். நியாயமான கேள்வி. பிராணிகளைத் தேவையின்றி வருத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாது என்று 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கிறது. அதே இடத்தில், மனிதரின் துயர் துடைக்கச் செல்ல வேண்டிய பணத்தை அவற்றின் மீது செலவிடுவதும், மனிதருக்கே உரிய பாசத்தை அவற்றின் மீது திருப்புவதும் தகாது என்றும் எச்சரிக்கிறது. கணக்கைப் புரட்டினோம். செலவு முன்பைவிடக் குறைந்திருந்தது. செல்லானுக்கென்று வாங்கிய பாலும் மீனும் தின்பண்டமும் நின்றதில் மிஞ்சிய தொகையை, மாதந்தோறும் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபை உண்டியலில் அமுச்சி தம் கையாலேயே போடத் தொடங்கினார். பெரிய தொகையன்று. ஆனால் அது வேறொரு வீட்டு அடுப்புக்குப் போகிறது.

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு முந்தைய சனிக்கிழமை தராசு 5 கிலோ 300 கிராம் காட்டியது. மருத்துவர் விலாவைத் தடவி, "இனி இப்படியே காத்துக்கொள்ளுங்கள்" என்றார். முதுகின் சிக்கு மறைந்து மயிர் மினுமினுத்தது. திருவிழா இரவில் நாங்கள் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்தபோது, மூன்றாண்டுகளாக ஏற முடியாதிருந்த அமுச்சியின் சன்னல் திட்டில் செல்லான் உட்கார்ந்திருந்தான். அமுச்சி சொன்னது ஒன்றே: "இன்னிக்கு மட்டும் ஒரு துண்டு கறி சேத்துப் போடட்டுமா?" நாங்கள் மறுக்கவில்லை. ஒரே துண்டு, அதையும் நிறுத்துத்தான் போட்டார்.

வாசக அன்பர்களே, நம் கொங்கு நாட்டில் விருந்தோம்பல் என்பது மறுக்க மறுக்க இலையில் போடுவது. அந்தப் பண்பு நல்லதே. ஆனால் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் நாம் அள்ளிப் போடும்போது, அவர்களுடைய தேவையைப் பார்த்துப் போடுகிறோமா, அல்லது போட்டுவிட்ட நிறைவு நமக்கு வேண்டும் என்பதற்காகப் போடுகிறோமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். அதைவிட முக்கியமாக, வீட்டில் யாராவது ஒருவர் அளவுக்கு மீறி ஊட்டிக்கொண்டிருந்தால், அவரைக் கடிந்துகொள்ளுமுன் அவருடைய கை ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்போம். நாங்கள் கேட்டிருந்தால், ஒரு பூனையின் உயிரும் ஒரு தாயின் மனமும் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டா.

இப்போது உணவுக்கு முன் செபம் சொல்லும்போது அமுச்சி ஒரு வரி சேர்த்துக்கொள்கிறார்: எல்லோருக்கும் போதுமானதைத் தாரும் ஆண்டவரே என்று. கூடுதலாக வேண்டும் என்று அவர் கேட்பதில்லை.